அட்டையில் அச்சாகாத வசனம்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு வேலை போய் நான்கு வருடம் ஆகிறது. அந்த வருடப் பிறப்பு ஆராதனையில் எங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அந்த வருடத்துக்குக் கர்த்தர் தரும் வாக்காக அச்சடித்திருந்த வேத வசனம் எரேமியா 29:11. ‘நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்’ என்ற வசனம். கர்த்தர் பெரிதாக வைத்திருக்கிறார் என்று சொல்லி, வருகிற சின்ன வேலைகளை என் கணவர் தட்டிக்கழிக்கிறார். என் தையலில்தான் வீடு ஓடுகிறது. சில நாள் அந்த அட்டையைக் கிழித்துப் போடலாமா என்று இருக்கிறது. இது அவிசுவாசமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள். அதை அவிசுவாசம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறையாகப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அட்டையில் 11ஆம் வசனத்தை மட்டும் அச்சடிக்கிறோம். முந்தின வசனத்திலேயே எழுபது வருடம் என்று இருக்கிறது. அப்படியென்றால் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறார்.

அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எரேமியா உடனே மறுக்கவில்லை. ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றுதான் தொடங்குகிறார். சீக்கிரம் விடிய வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கும் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன். உங்கள் ஏக்கத்துக்காக வெட்கப்படாதீர்கள்.

எரேமியா புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 32ஆம் அதிகாரம். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது. எரேமியா காவலில். அப்போது கர்த்தர் சொன்னபடி, சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சி வைத்து, முத்திரை போட்டு, கிரயப் பத்திரத்தை நெடுநாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அப்புறம்தான் ஜெபத்தில் கேட்கிறார்: நகரமே பகைவர் கைக்குப் போகிற நேரத்தில் நிலம் வாங்கச் சொன்னீரே! கீழ்ப்படிந்துவிட்டும் அவருக்குப் புரியவில்லை. நம்பிக்கைக்குள் இந்தக் கேள்விக்கும் இடம் இருக்கிறது, சகோதரி.

அந்த நிலத்தில் அவர் ஒரு கதிர் அறுத்ததாகக்கூட வேதத்தில் இல்லை. அவரைக் கடைசியில் எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் எஸ்றா 2:23ஐப் பாருங்கள். பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் கணக்கில் ‘ஆனதோத்தின் மனிதர்’ என்று 128 பேர் வருகிறார்கள். வெறும் பெயர்ப்பட்டியல்தான். எனக்கோ அந்த ஒரு வரியில் கண் கலங்கும்.

உங்கள் கணவருக்கு வருகிற சின்ன வேலை பாபிலோனில் போடுகிற தோட்டம் மாதிரி. அதற்குப் போவதால் வாக்குத்தத்தம் கைவிட்டுப் போகாது. இதை அவரிடம் அன்பாகச் சொல்லுங்கள். தையல் மெஷினில் நீங்கள் உட்கார்ந்திருந்த இந்த நான்கு வருடமும் அந்தக் கடிதத்துக்குக் கீழ்ப்படிந்ததுதான்.

அட்டையைக் கிழிக்க வேண்டாம். அதன் பின்பக்கத்தில், வீடு கட்டுங்கள் என்கிற 5ஆம் வசனத்தையும் எழுபது வருடம் என்கிற 10ஆம் வசனத்தையும் உங்கள் கையால் எழுதி, இன்று இரவு ஜெபத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள்.