படம் அழகாக இருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் வியாபாரத்துக்கு ஒரு மென்பொருள் செய்யச் சொல்லி, அதில் என்ன தேவை என்று பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தோம். இடையில் இருக்கும் ஆலோசகர் அதை யூஎம்எல் படங்களாக மாற்றிக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார். எனக்குப் புரியவில்லை. "கருவி தானாகப் போட்ட படம், தப்பு வராது" என்கிறார். நம்பலாமா?

பதில்: இப்போதைக்குப் பேனாவை மூடி வையுங்கள்.

யூஎம்எல் என்பது மென்பொருளின் அமைப்பைப் பெட்டிகளும் கோடுகளுமாக வரைந்து காட்ட, 1997-இல் தரமாக ஏற்கப்பட்ட குறியீட்டு மொழி. அதை முழுதாகக் கற்க உங்களுக்கு நேரமில்லை, தேவையும் இல்லை. பெட்டிகளை இணைக்கும் கோடுகளின் முனையில் உள்ள எண்களை மட்டும் பாருங்கள். 'ஆர்டர்', 'டெலிவரி' இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, டெலிவரி முனையில் 1 என்று இருந்தால், ஒரு ஆர்டருக்கு ஒரே டெலிவரிதான் என்று அர்த்தம். சரக்கைப் பாதி இன்று, பாதி நாளை அனுப்புகிறீர்களா? போச்சு. அங்கே 0..* என்று இருக்க வேண்டும். அதாவது இன்னும் ஒன்றும் அனுப்பாமலும் இருக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆலோசகரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கோட்டையும் இரண்டு பக்கத்திலிருந்தும் தமிழ் வாக்கியமாகப் படிக்கச் சொல்லுங்கள். திணறினால் அவருக்கும் புரியவில்லை.

அப்புறம் அந்தக் கருவி. எழுதிக் கொடுத்த வாக்கியங்களில் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் பிரித்தெடுத்து அதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கும் யோசனையைக் கணினி அறிவியலாளர்கள் பீட்டர் சென்னும் ரஸ்ஸல் அபட்டும் 1983-லேயே எழுதிவிட்டார்கள். இன்றைய கருவிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவைதான். ஆனால் நீங்கள் எழுதாமல் விட்டதையும், 'சந்தேகம் இருந்தால் கேள்' என்று சொன்னால் ஒழிய, சத்தமில்லாமல் தாங்களே நிரப்பிவிடும். நியாயமாக அந்த இடத்தில் உங்களிடம் திரும்பக் கேட்கத்தான் ஆலோசகர் இருக்கிறார். எங்கள் தொழிலில் படத்துக்குக் காசு உண்டு, கேள்விக்குக் கிடையாது. அதனால் யாரும் கேட்பதில்லை.

கோடு படிக்கும் இந்த வித்தை ஒரு இடத்தில் பலிக்காது: விதிகள். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "பெரிய ஆர்டர்களுக்கு மேலாளரும் கணக்காளரும் ஒப்புதல் தரலாம்." இருவரும் சேர்ந்து தர வேண்டுமா, யாராவது ஒருவர் தந்தால் போதுமா? இந்த 'உம்' இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இதே மாதிரி இன்னொன்று: "எல்லா ஆர்டருக்கும் ஒப்புதல் தேவையில்லை." எதற்குமே தேவையில்லையா, சிலவற்றுக்கு மட்டும் தேவையா? பேச்சில் குரல் காட்டிக் கொடுத்துவிடும். தாளில் குரல் இல்லை. படத்திலோ 'மேலாளர்' பெட்டியும் 'கணக்காளர்' பெட்டியும் 'ஒப்புதல்' பெட்டியோடு கோடு போட்டு நிற்கின்றன. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். நிரல் எழுதுபவர் தனக்குத் தோன்றியதை எழுதிவிடுவார்.

இதற்கு முடிவு அட்டவணை கேளுங்கள். ஆர்டர் பெரியதா, மேலாளர் சம்மதித்தாரா, கணக்காளர் சம்மதித்தாரா என மூன்று கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்றால் மொத்தம் 8 வரிசை. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஆர்டர் போகும், போகாது என்று இருக்க வேண்டும். போடத் தொடங்கினால் 'பெரிய' என்பதற்கே அளவு சொல்லவில்லை என்பது முதல் நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த அளவையும், காலியாக நிற்கும் கட்டங்களையும் ஆலோசகர் நிரப்ப விடாதீர்கள். நீங்களே நிரப்பி, அந்த அட்டவணையை ஒப்பந்தத்தோடு சேர்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.