கூட்டுக்குடும்பம் உடைந்துவிட்டதா? – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் காரிமங்கலம் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். என் பேத்தி கல்லூரியில் சமூகவியல் படிக்கிறாள். குடும்ப வடிவங்கள் பெருகிவருகின்றன என்று ஒரு பாடமாம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள், பிள்ளையே வேண்டாம் என்பவர்கள், எல்லாம் குடும்பம்தான் என்கிறாள். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் 17 பேருக்கு உலை வைத்தார்கள். இன்று எங்கள் தெருவில் பல வீடுகளில் கிழவனும் கிழவியும் மட்டும்தான். ஓசூரில் வேலை பார்க்கும் என் உறவுக்காரப் பெண், கல்யாணம் வேண்டாம் என்று தோழியோடு வீடு எடுத்துத் தங்கிவிட்டாள். உடைந்ததற்கெல்லாம் புதுப் பெயர் வைத்துவிட்டால் போதுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

17 பேர் சாப்பிட்ட வீட்டில் கிணறும் நஞ்சையும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிரிந்தால் நிலம் துண்டாகும் என்ற பயம் இருந்த வீடுகளில்தான் அண்ணன் தம்பிகள் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ந்திருந்தார்கள். மானாவாரியில் கேழ்வரகு போட்டவர்களும் கூலிக்குப் போனவர்களும் மகனுக்குக் கல்யாணமான கையோடு தனி அடுப்பு வைத்துக் கொடுத்தார்கள். மகன் ஏரிக்கு அந்தப் பக்கம் கொட்டாய் போட்டுக்கொண்டு போனான். அதை யாரும் உடைந்தது என்று சொல்லவில்லை. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுளே சுமார் 32 வயது. பிள்ளைச் சாவுகள்தான் அதை அவ்வளவு கீழே இழுத்தன என்றாலும், தாத்தா பாட்டியோடு மூன்று தலைமுறை ஒரே வீட்டில் நெடுநாள் வாழ்வது எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? குஜராத் கிராமங்களின் பழைய பதிவுகளைப் பார்த்த சமூகவியலாளர் ஏ. எம். ஷா, பெரிய கூட்டு வீடுகள் எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக இருக்கவில்லை என்றே காட்டினார். தொழிற்புரட்சிக்கு முந்தைய இங்கிலாந்தைப் பற்றி வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். தொழில்மயம் வந்தால் உலகமே கணவன்–மனைவி–பிள்ளை என்ற ஒற்றை அச்சுக்கு வந்துவிடும் என்று 1963இல் அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கூட் எழுதினார். அதுவும் முழுதாகப் பலிக்கவில்லை.

அந்தப் பெரிய வீட்டுக்குள்ளேயே யார் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அடுப்படியை விட்டு வெளியே வராத விதவை அத்தை, தாய் தகப்பன் இல்லாத தங்கை மகன், வீட்டோடு மாப்பிள்ளை, பக்கத்துத் தெருவில் ஊரறிந்த இன்னொரு வீடு. பன்மை அன்றும் இருந்தது. கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. உடையாத குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் இந்தத் தருமபுரியில்தான் பெண் சிசுக்கொலை நடந்தது. வேண்டாமென்ற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் இங்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. 2012 நவம்பரில் தலித் மக்கள் வாழும் நத்தம் காலனி எரிக்கப்பட்டதும் சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தை ஒட்டித்தான். குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் நினைவுக்கு வந்துவிடும்.

சரி, தனி அடுப்பு வைத்தால் பிரிந்ததாகிவிடுமா? மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அப்படித்தான்: ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். சமூகவியலாளர் ஐ. பி. தேசாய் குஜராத்தில் மஹுவா என்ற ஊரை ஆராய்ந்துவிட்டு இதைத்தான் மறுத்தார். வேறு வேறு வீட்டில் இருந்துகொண்டே சொத்திலும் கடனிலும் நல்லது கெட்டதிலும் ஒன்றாக இருக்கிறார்கள் என்றார். நம் ஊரில் பட்டா இன்னும் தாத்தா பெயரில், கூட்டுறவுக் கடன் அப்பா பெயரில், தவணை கட்டுவது பெங்களூரில் இருக்கும் தம்பி. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பேத்தியின் பாடத்தோடு நான் முரண்படும் இடமும் உண்டு. பென்னாகரம் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையில் பார்த்தேன். அட்டையில் ஐந்து பெயர். வந்திருப்பது பாட்டியும் பேரனும். மகனும் மருமகளும் கைக்குழந்தையும் பெங்களூரில் கட்டட வேலையில், தகரக் கொட்டகையில். பாட்டியின் ரேகை தேய்ந்துபோய் மெஷின் எடுக்கவில்லை. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். பையன் அவள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி, “இன்னொருக்கா வை ஆயா” என்கிறான். இதற்குப் பாடத்தில் தாத்தா–பாட்டி வளர்க்கும் குடும்பம் என்று மரியாதையான ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் இதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மழை பொய்த்ததும், ஊரில் கூலி இல்லாததும், வேலை முடிந்ததும் இடம் மாறும் கொட்டகையில் பையனைப் பள்ளிக்கு அனுப்ப முடியாததும் சேர்ந்து செய்தது. விரும்பி அமைத்துக்கொண்ட வாழ்க்கையையும் வேறு வழியில்லாமல் விழுந்த வாழ்க்கையையும் ஒரே பட்டியலில் வைத்துக் கொண்டாடினால் அந்தப் பாட்டிக்குச் செய்யும் அநியாயம்.

உங்கள் ஓசூர்ப் பெண்ணின் கதை வேறு. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அந்தப் பக்கத்துப் பெண்களின் கைக்குச் சொந்தமாக ஒரு மாதச் சம்பளம் வந்தது. அதுவரை கல்யாணம் வேண்டாம் என்ற பெண் அண்ணி வீட்டில் கடைசியாகச் சாப்பிட வேண்டியிருந்தது. இன்று அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிக்க முடிகிறது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. இதில் எது உடைந்தது?

அரசும் நீதிமன்றமும் மெதுவாக இதைப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் அன்றைய முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது நம் தொப்பூரில்தான். திருமணமாகாத தனித்த பெண்களையும் விதவைகளையும் திருநங்கைகளையும் குடும்பத் தலைவியாக அந்த விதி ஏற்றுக்கொண்டது. கணவனின் முந்தைய மணத்துப் பிள்ளைகளைக் காட்டி ஒரு செவிலியருக்குப் பேறுகால விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், 2022இல் உச்ச நீதிமன்றம் குடும்பம் பல வடிவில் இருக்கும் என்றது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றது.

ஆனால் தீர்ப்பு வேறு, கவுன்ட்டர் வேறு. நாளை அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் என்றால், கூட வாழும் தோழியைத் தள்ளிவைத்துவிட்டு, “சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடுங்க” என்பார்கள். உங்களுக்குத்தான் போன் வரும். போய்க் கையெழுத்துப் போடுங்கள். மற்றதையெல்லாம் அந்தத் தோழியிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வாருங்கள்.