காந்த நானோ துகள்களை உடலுக்குள் செலுத்தி, வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்துப் புற்றுநோயை அழிக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாமல், இரவெல்லாம் காணொளி பார்த்தவராகத்தான் இருப்பார். அப்படியானால் முதலில் ஒன்று: நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. இந்தத் துகள்களைச் சூடாக்கியே மூன்று வருடம் போக்கியவன்.

ஓரளவு முடிந்திருக்கிறது. இரும்பு ஆக்சைடுத் துகள்களை மூளைக் கட்டிக்குள் ஊசியால் நேரடியாக ஏற்றி, நொடிக்கு 1 லட்சம் முறை ஊசலாடும் காந்தப்புலத்தில் சூடேற்றும் முறைக்கு ஐரோப்பாவில் 2010-இல் அனுமதி கிடைத்தது. அதையும் கதிர்வீச்சுடன் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முதலில் அதை எடுத்தாக வேண்டும். துகள்கள் தங்கிய இடத்தைப் பிறகு எம்ஆர்ஐ படத்தில் சரியாகப் பார்க்கவும் முடியாது. ரத்தத்தில் விட்டுவிட்டு வெளியே காந்தம் வைத்து இழுக்கும் கதை வேறு. தூரம் கூடக்கூட இழுவிசை சட்டென்று குறைந்துவிடும். அதற்குள் கல்லீரலும் மண்ணீரலும் துகள்களை விழுங்கிவிடும்.

இனி என் கதை. எங்கள் ஆய்வகத்தில் செம்புச் சுருளுக்கு நடுவே, மைபோல் கறுத்த திரவத்தைக் குப்பியில் வைப்போம். 37 டிகிரியிலிருந்து 45 வரை ஏறும். எல்லோருக்கும் குஷி. நான் சேர்ந்த இரண்டாவது மாதம், துகளே இல்லாத வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். அதுவும் 4 டிகிரி ஏறியது! சுருளே சூடாகிக் குப்பியையும் சூடாக்கியிருக்கிறது. போதாததற்கு, உள்ளே விட்டிருந்த தெர்மோகப்பிளும் (வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி) அந்தப் புலத்தில் தானாகவே சூடாகும். அதற்கு ஒளியிழை வெப்பமானிதான் சரி. பக்கத்து ஆய்வகத்தில் ஒன்று பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. அதை வாங்கவே ஐந்து மாதம். அளவைகளையெல்லாம் நான்தான் திரும்ப எடுத்தேன். கட்டுரை வந்தபோது என் பெயர் நன்றியுரையில் இருந்தது, இனிஷியல் தப்பாக. வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்பீர்கள். இருக்கட்டும். வயிற்றெரிச்சலால் தண்ணீர்க் குப்பி சூடாகாது.

சரி, திருத்திய கணக்கிலும் துகள்கள் சூடாகத்தான் செய்தன. "எலியில் கட்டி கரைந்ததே" என்று யாராவது ஆய்வுத்தாளோடு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: மாறும் காந்தப்புலம் உடம்பிலேயே சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, நல்ல சதையையும் சூடாக்கும். உடம்பின் சுற்றளவு 10 மடங்கானால் அந்தச் சூடு 100 மடங்கு. எலி தாங்கும் புலத்தை மனிதனுக்குக் கொடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

உடம்புக்கு வெளியே, துகள்களைக் காந்தத்தால் இழுக்கும் வித்தை அருமையாக வேலை செய்கிறது. கொரோனா பரிசோதனையில், சிலிக்கா பூசிய காந்த மணிகளில் வைரசின் மரபுப்பொருளான ஆர்என்ஏ ஒட்டிக்கொள்ளும், காந்தத்தைக் காட்டினால் மணிகள் குழாயின் ஓரத்தில் ஒதுங்கும், மிச்சத்தைக் கழுவிவிடலாம். இதைப் பற்றி யாரும் காணொளி அனுப்பவில்லை. தடுப்பூசி போட்ட கையில் காந்தம் ஒட்டுகிறது என்ற காணொளியைத்தான் 2021-இல் மாமா ஒருவர் "உன் துறைதானே" என்று குடும்பக் குழுவில் போட்டார். ஊசி போடாத கையிலும் வைத்துப் பாருங்கள் என்றேன். வியர்வைப் பிசுபிசுப்பில் அங்கேயும் ஒட்டியது. அன்று இரவே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.