முதல் ஆளாகப் போட்டுக்கொள்பவர் மனதில் என்ன ஓடுகிறது? – கேள்வி-பதில்

பதிவு தொடங்கிய அன்றே தடுப்பூசி போட்டுக்கொண்டேன். நண்பர்கள் ‘பயந்தாங்கொள்ளி’ என்கிறார்கள். காரணம் பயம்தானா?

பயமும் இருந்திருக்கும், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் வெறும் பயம் யாரையும் ஊசி போடும் இடம்வரை கூட்டிப்போவதில்லை. 1965-ல் உளவியலாளர் ஹோவர்ட் லெவன்தால் குழுவினர் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் பற்றிய பிரசுரங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். படித்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதே பிரசுரத்தோடு சுகாதார மையத்துக்கு வழிகாட்டும் வரைபடம் கொடுத்து, ‘எந்த நேரத்தில் போவீர்கள்?’ என்றும் யோசிக்க வைத்தபோது அது 28 சதவீதமானது. இத்தனைக்கும் அந்த மையம் அவர்களுக்குத் தெரிந்த இடம்தான். உங்களைக் கிளப்பிவிட்டதும் நாளும் நேரமும் குறித்துக்கொண்டதுதான் என்று நினைக்கிறேன்.

குழந்தைக்கு உடனே போடலாம் என்கிறார் கணவர். போட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். நான் தப்பாக யோசிக்கிறேனா?

உங்களைப் போலத் தயங்கும் பெற்றோர் ஏராளம். நாம் செய்ததால் வரும் கெடுதல், செய்யாமல் விட்டதால் வரும் கெடுதலைவிட அதிகமாக உறுத்தும். இலானா ரிட்டோவ், ஜோனதன் பேரன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1990-ல் தடுப்பூசி முடிவுகளை வைத்தே இதைக் காட்டினார்கள்: ஊசியின் ஆபத்து நோயின் ஆபத்தைவிடக் குறைவு என்று சொன்ன பிறகும் பலர் தயங்கினார்கள்.

உங்கள் கணவருக்கும் அதே பயம்தான். அவர் அதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறார்: ‘போடாமல் விட்டு நோய் வந்துவிட்டால்?’ பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736-ல் 4 வயது மகனைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். அந்தப் பிள்ளைக்கு அம்மை குத்தியிருக்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் வருத்தம் ஒன்றுதான், அதனால் ஆபத்து குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள் என்று மற்ற பெற்றோருக்கு அவர் பிற்பாடு எழுதிவைத்தார். இரண்டு வருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கவிளைவு பற்றிய சந்தேகங்களை எழுதி எடுத்துப்போய்க் குழந்தை மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பாட்டிக்காகப் போட்டுக்கொண்டேன் என்கிறேன். உள்ளுக்குள் ஊர் சுற்றும் ஆசையும் இருந்தது. இது பாசாங்கா?

இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பாட்டிக்குக் கிடைத்த பாதுகாப்பு உங்கள் ஆசையால் குறைந்துவிடாது.

மாமனார் எதிர்ப்பவர் இல்லை, ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்றே தள்ளிப்போடுகிறார். எப்படிச் சொல்வது?

வாதாடாதீர்கள். வாதாடினால் இல்லாத எதிர்ப்பும் முளைத்துவிடும். 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருத்துவரைப் பார்க்க வரவிருந்த 47,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, ஃப்ளூ ஊசி பற்றிய 19 வகைக் குறுஞ்செய்திகளைச் சோதித்தார்கள். ‘உங்களுக்கென்று ஒரு ஊசி ஒதுக்கிவைத்திருக்கிறோம்’ என்ற செய்திதான் முன்னால் நின்றது. தனக்கென்று எடுத்துவைத்த பொருளை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. அதனால் அவரைக் கேட்டுக்கொண்டு ஒரு நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். ‘மாமா, வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது, நானும் கூட வருகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.