இரண்டு மாத நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது?

முதலில் கொண்டையைப் பாருங்கள். ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை அருகருகே விட்டு ஒப்பிடுவது முக்கியம். தனியாக ஒன்றைப் பார்த்தால் பிடிபடாது. 6 முதல் 8 வாரத்தில் சேவலுக்குக் கொண்டையும் தாடியும் பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும். பெட்டைக்குச் சிறிதாக, வெளிறிப்போய் இருக்கும். கால்களும் சேவலுக்குத் தடிமன்.

ஆனால் அசீல் போன்ற சண்டை இனம் என்றால் கொண்டையை மட்டும் நம்ப வேண்டாம், அவற்றுக்கு இயல்பிலேயே அது சிறியதுதான். அப்புறம், மூன்று மாதம் நெருங்கும்போது வாலுக்குச் சற்று முன்னே, முதுகின் பின்பகுதி இறகுகளை விரலால் விலக்கிப் பாருங்கள். நீண்டு, நுனி கூர்மையாக, பளபளவென்று புதிய இறகுகள் முளைத்திருந்தால் சேவல். பெட்டைக்கு நுனி வட்டமாகவே இருக்கும். நான் அதிகம் நம்புவது இந்த அடையாளத்தைத்தான். விற்பதானால் அதுவரை பொறுத்திருங்கள்.