மான் வேட்டைக்கு மரம் ஏறும் ஸ்டாண்ட் வாங்கப்போகிறேன். நெடுநேரம் உட்கார வசதியாகவும் சத்தமில்லாமலும் இருப்பது எது?

நெடுநேரம் உட்கார முடியாதது ஒன்று, கொஞ்சம் நெளிந்தாலும் ஸ்டாண்ட் கிரீச்சிடுவது இன்னொன்று, இவைதான் உங்கள் கவலை. இரண்டும் ஒரே பிரச்சினைதான். தொடை மரத்துப்போனால் யாரும் நெளியத்தான் செய்வார்கள். அதனால் வாங்கும்போது முதலில் சீட், அடுத்து இணைப்புகள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எடையைக் கடைசியில் பார்த்தால் போதும்.

மற்றவர்களுக்காக ஒரு வரி: இது அமெரிக்காவில், சீசனில், உரிமம் எடுத்து வெள்ளைவால் மான் வேட்டையாடுபவர்களுக்கான பதில். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். நீங்கள் கேட்கும் ஸ்டாண்டுக்குக் கிளைம்பர் என்று பெயர், உங்களோடு சேர்ந்து மரமேறும் பரண் அது. மேல் துண்டில் சீட், கீழ்த் துண்டில் கால். இரண்டும் கேபிளாலோ பெல்ட்டாலோ மரத்தைக் கவ்வும். உட்கார்ந்தபடி பாதத்தால் கீழ்த் துண்டைத் தூக்கிப் பதித்து, அதில் எழுந்து நின்று மேல் துண்டை நகர்த்த வேண்டும். கம்பளிப்பூச்சி போகிற மாதிரி.

சீட்டைக் கடையிலேயே சோதியுங்கள், குளிர்கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, குறைந்தது இருபது நிமிடம். முழங்கால் இடுப்புக்குச் சமமாகவோ ஒரு விரற்கடை கீழேயோ இருக்க வேண்டும். முழங்கால் மேலே போனால் பாரமெல்லாம் வால் எலும்பில் இறங்கும். சீட்டின் முன் விளிம்பு தொடைக்கடியில் அழுத்தினால் அரை மணியில் கால் மரத்துவிடும். சட்டத்திலிருந்து நாடாவில் தொங்கும் சீட் என் தேர்வு: உயரத்தை மாற்றலாம், உடம்போடு சேர்ந்து வளையும், உலோகத்தில் உரசாது. ஃபோம் மெத்தை என்றால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அடியில் இருக்கும் கம்பி விரலுக்குத் தட்டுப்பட்டால் உட்கார்ந்த பிறகும் தட்டுப்படும். மழையில் ஊறிய ஃபோம் குளிரில் ஐஸ்கட்டிதான். வலைத்துணி சீட் சீக்கிரம் காயும், ஆனால் காற்று அடியில் புகும்.

துப்பாக்கி மட்டும் என்றால் முன்னால் தண்டு வைத்த மாடல் நல்லது. ஏறும்போது அதில் உட்கார்ந்து கையூன்றலாம், மேலே துப்பாக்கியைச் சாய்த்துக் குறிபார்க்கலாம். வில் என்றால் அதே தண்டு எதிரி. வில்லின் கீழ் முனை அதில் இடித்தால் அம்பு எங்கேயோ போகும். முன்புறம் திறந்த மாடலோ, தண்டைத் தூக்கிப் பின்னால் மடிக்கக்கூடிய மாடலோ பாருங்கள்.

இனி சத்தம். மரப்பட்டை உரசும் ஒலியை மான் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், அணிலும்தான் உரசுகிறது. உலோகம் உலோகத்தில் படும் 'டங்' காட்டில் வேறு எதிலிருந்தும் வராது. அது பெரும்பாலும் மரத்தில் வருவதில்லை, நடந்து போகும்போதே வந்துவிடுகிறது. ஆகவே கடையில் இரண்டு துண்டுகளையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, முதுகில் மாட்டிக் குலுக்கிப் பாருங்கள். உலோகம் முட்டும் இடங்களிலெல்லாம் தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கோன் டேப்போ ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் துணி டேப்போ சுற்றுங்கள். கேபிள் நுனிகளை எலாஸ்டிக் கயிற்றால் சட்டத்தோடு இறுக்குங்கள். மரத்தைக் கடிக்கும் பற்களிலும் கேபிள் நுழையும் வாயிலும் மட்டும் டேப் ஒட்டக் கூடாது, பிடி வழுக்கும்.

உட்கார்ந்த பிறகு வரும் கிரீச் போல்ட்டுகளில் பிறக்கிறது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மாட்டி, பாரத்தை இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் எந்த மூட்டு என்று தெரியும். அசையும் மூட்டில் நைலான் வாஷர் போட்டால் பாதி அடங்கும், தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும். துருநீக்கி ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அதன் வாடை மானுக்குப் பல நாள் போகாது. இந்தச் சோதனையைக் குளிர்ந்த காலையில் செய்யுங்கள். வெயிலில் ஊமையாக இருந்த போல்ட் உறைபனியில் பேசும்.

மாடல் என்று பார்த்தால், லோன் உல்ஃப் நிறுவனத்தின் வகையில் கால் தளம் ஒரே வார்ப்பு அலுமினியம். பற்றவைப்பும் மூட்டும் குறைவு என்பதால் இயல்பிலேயே அமைதி, தட்டையாக மடியும். சம்மிட் வைப்பர் போன்ற குழாய்ச் சட்ட மாடல்களில் தொங்கு சீட் சுகம். சுமார் 20 பவுண்டு எடை, 300 பவுண்டு தாங்கும். அந்த 300இல் உங்கள் உடம்போடு உடை, பை, ஆயுதம் எல்லாம் சேர்த்தி. நீண்ட காத்திருப்புதான் உங்கள் கவலை என்பதால் நான் இரண்டாவதைச் சொல்வேன், டேப் வேலையோடு.

எவ்வளவு நல்ல ஸ்டாண்டும் தவறான மரத்தில் முனகும். 10 முதல் 16 அங்குல விட்டம், தாழ்ந்த கிளை இல்லாத நேர் மரம் தேடுங்கள். அளவு நாடாவால் சுற்றளவை அளந்து மூன்றால் வகுத்தால் விட்டம் ஏறக்குறைய வந்துவிடும். பட்டை உரியும் ஷாக்பார்க் ஹிக்கரி வேண்டாம், பட்டுப்போன மரம் வேண்டவே வேண்டாம். மரம் மேலே போகப்போக ஒடுங்கும், தளம் முன்பக்கம் தாழும். அதனால் தரையில் மாட்டும்போதே முன்பக்கத்தைத் தூக்கி வையுங்கள், 18 அடியில் மட்டமாகிவிடும். குறைவாகத் தூக்கியிருந்தால் மேலே போய்க் கேபிளோடு போராடாமல் இறங்கிச் சரிசெய்து ஏறுங்கள்.

முழு உடல் ஹார்னஸின் (விழாமல் பிடிக்கும் பாதுகாப்புக் கச்சை) கயிற்றை முதல் அடிக்கு முன்பே மரத்தில் கட்டி, ஏற ஏற நகர்த்துங்கள். உட்கார்ந்தால் தொய்வு இருக்கக் கூடாது. மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இணைக்கும் நாடாவைத் தொல்லை என்று பலர் கட்டுவதில்லை. எழுந்திருக்கும்போது பாதம் விலகிக் கீழ்த் துண்டு சரிந்தால், நாடா இல்லாவிட்டால் அது தரைவரை போய்விடும், நீங்கள் மேலே சீட்டில் தொங்குவீர்கள். துப்பாக்கியைக் குண்டு இல்லாமல், வில்லை அம்பு இல்லாமல், கயிறு கட்டி ஏற்றுங்கள்.

சீசன் முடிந்ததும் சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். வியர்வை உப்புக்காக அணில் நாடாவைக் கடிக்கும். அடுத்த ஆண்டு மாட்டும் முன் தையலை விரலால் தடவிப் பாருங்கள்.