களர் வயலில் நுண்ணுயிர் உரம்: ஜிப்சத்துக்கு மாற்றா?

கேள்வி: திருச்சி மணிகண்டம் பக்கம் 1 ஏக்கர் களர் நிலம், பி.எச். (கார அமில நிலை) 9.3. போன சம்பாவில் அசோஸ்பைரில்லம் (தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா உரம்) போட்டும் நட்ட நெல் நாற்று கருகிவிட்டது. ஜிப்சம் இல்லாமல் நல்ல பாக்டீரியாவை வைத்தே சமாளிக்க முடியாதா?

பதில்: முடியாது. களரில் கெடுதல் செய்வது களிமண்ணோடு ஒட்டியிருக்கும் சோடியம். அதைப் பெயர்க்க கால்சியம் வேண்டும்; ஜிப்சம் தருவது அதைத்தான். வேருக்குள்ளும் வேரை ஒட்டியும் குடியிருக்கும் பாக்டீரியாவின் வேலை வேறு. உப்பில் தவிக்கும் பயிர் எத்திலீன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து வேரை முடக்கும்; இவற்றில் சில, அதன் மூலப்பொருளையே தின்றுவிடும். பிசின்போலச் சுரந்து சோடியத்தில் ஒரு பங்கைப் பிடித்தும் வைக்கும். ஆக, இது பயிருக்கான துணை. மண்ணுக்கான மருந்து இல்லை.

முதலில் மண் ஆய்வு சொல்லும் ஜிப்சத் தேவையில் பாதியைச் சமன்செய்த வயலில் சீராகத் தூவி, சேறடித்து, பெயர்ந்த சோடியம் கழுவிப்போக நீர் தேக்கி வடித்துவிடுங்கள். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது பணத்தைச் சேற்றில் கொட்டுவதுதான். நடவுக்கு 10–15 நாள் முன் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழுங்கள். நெல் ரகம் திருச்சி 3 போல களர் தாங்குவதாக இருக்கட்டும்.

அடுத்தது நாற்றின் வேர் நனைப்பு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏக்கருக்கு திரவ அசோஸ்பைரில்லம் 150 மி.லி., பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாக்டீரியா உரம்) 150 மி.லி. வயல் ஓரத்தில் பாத்தி கட்டி அந்தக் களர் நீரிலேயே கரைத்தால், வேரைத் தொடுமுன்பே பாக்டீரியா செத்துப்போக வாய்ப்புண்டு. தொட்டியிலோ தார்ப்பாய் விரித்த குழியிலோ நல்ல தண்ணீர் நிரப்பிக் கரையுங்கள். குளோரின் கலந்த குழாய் நீர் கூடாது. மண் போக அலசிய வேர் முழுதும் மூழ்க 20–30 நிமிடம் வைத்து, நிழலில் வைத்தே எடுத்துப்போய் அன்றே நடுங்கள். விதைக்குப் பூஞ்சாணக்கொல்லி போட்டிருந்தால், விதைக்கு நுண்ணுயிர் நேர்த்தி செய்யுமுன் 24 மணி நேரம் இடைவெளி தேவை. நடவுக்கு முன் இந்த இரண்டு திரவ உரங்கள் ஒவ்வொன்றிலும் 200 மி.லி.யை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் பிசிறித் தூவலாம்.

எந்த பாக்டீரியா என்பதும் முக்கியம். கர்னால் மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் லக்னோ நிலையம் ஹாலோ-அசோ (தழைச்சத்துக்கு), ஹாலோ-பி.எஸ்.பி. (மணிச்சத்துக்கு) என உப்பு தாங்கும் பாக்டீரியா உரங்களை உருவாக்கியிருக்கிறது. கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள்.

பாக்டீரியா இருக்கிறதே என்று தழைச்சத்தைக் குறைக்காதீர்கள். களரில் யூரியா அமோனியாவாகப் பறக்கும். வழக்கத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகவே தேவைப்படும். நட்ட 2–3 வாரத்தில் இலையில் துருப்பிடித்த மாதிரி புள்ளி விழுந்தால் பாக்டீரியாவைக் குறை சொல்ல வேண்டாம், அது துத்தநாகக் குறை. அது வராமலிருக்க ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை, சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காமல், நடவுக்கு முன்பே மணலில் கலந்து தூவிவிடுங்கள்.